மானுக்குக் கேட்காத கோட்டு

வேட்டைக்குப் போகிறவருக்கு என்ன பரிசு வாங்கலாம் என்று உலகத்தில் யாரிடமாவது யோசனை கேட்பதாக இருந்தால், எங்கள் ஜமீனிடம்தான் கேட்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் கத்துக்குட்டிகள். இத்தனைக்கும் ஜமீன் சுத்த சைவம். கேக்கைக்கூட முட்டை போட்டிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு நகர்த்தி வைப்பான். விடுதி அறைக்குள் வழி தவறி வந்த குளவியைக் கண்ணாடித் தம்ளரால் மூடி, அடியில் தபால் அட்டையைச் செருகி, மாடிப்படி எல்லாம் இறங்கிப் போய்த் தோட்டத்தில் விட்டுவிட்டு வருவான்.

அவனுக்கு நிலமும் கிடையாது, நீச்சும் கிடையாது. ஜமீன் என்ற பட்டம் நாங்கள் கொடுத்தது. அறுபதுகளின் கடைசி அது. மியூனிக்குக்குப் பக்கத்தில், கார்ஹிங்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம். ஒரு பக்கம் எங்கள் ஆய்வுக்கூடம், மறுபக்கம் உருளைக்கிழங்கு வயல். நடுவில் எப்போதாவது ஒரு பஸ். ஒரு நாள் காலை விடுதிச் சமையலறையில் ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்தேன். தலையில் பச்சைத் தொப்பி, கையில் தோல் உறை, கக்கத்தில் மடக்கு முக்காலி சகிதம் ஒரு உருவம் உள்ளே வந்து, முக்காலியை விரித்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது.

"என்னடா வேஷம் இது?"

"வேஷம் இல்லடா, டெஸ்டிங். எரிக்காவோட அப்பாவுக்கு கிஃப்ட் வாங்கணும்."

அன்றைக்கே ஜமீன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

எரிக்கா எங்கள் ஆய்வுக்கூடத்தில் கருவிகளுக்குப் படம் வரைகிற பெண். ஜமீன் ஒரு வருஷமாகச் சொல்லத் தயங்கியதை, அவள் ஒரு மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே சொல்லி முடித்துவிட்டாள். அவளுடைய அப்பா ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் வனக்காவலர். வேட்டைக்காரர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். இருப்பது எரிக்காவும் நீளக் காது நாய் ஒன்றும்தான். "கிறிஸ்துமஸுக்கு அந்தப் பையனைக் கூட்டி வா, பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அவர் முகம் சுளித்தால் தன்னால் அவரை விட்டு வர முடியாது என்று எரிக்கா தெளிவாகச் சொல்லிவிட்டாள். ஆகவே ஜமீனின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு பரிசில் வந்து நின்றது.

மியூனிக்கில் வேட்டை உடுப்பு விற்கிற கடை ஒன்றுக்குச் சனிக்கிழமை தவறாமல் போனோம். முதல் நாள் கடைக்காரர் குனிந்து வரவேற்று, "தாங்கள் எதை வேட்டையாடுவது வழக்கம்?" என்று கேட்டார்.

ஜமீன் மரியாதையாக, "நான் காய்கறி மட்டும்தான்" என்றான்.

கடைக்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் போகப் போக நிலைமை மாறியது. ஒவ்வொரு தையலையும் புரட்டிப் பார்த்து, ஒவ்வொரு பொத்தானையும் காதோரம் ஆட்டிப் பார்த்த ஜமீனைக் கண்டு அந்த மனிதர் சொக்கிப்போய்விட்டார். மற்ற வாடிக்கையாளர்கள் சந்தேகம் கேட்டால் ஜமீன் பக்கம் கையைக் காட்டும் அளவுக்கு வந்துவிட்டார்.

ஜமீனுக்குக் கொள்கைகள் உண்டு. "துப்பாக்கி, கத்தி பக்கம் நாம போகவே கூடாது. அது அவரவர் கைக்கு அவரவரே பார்த்து வாங்கணும். ஷூவும் அப்படித்தான். தொப்பியில வைக்கிற மலையாட்டு முடிக் குஞ்சம் இருக்கு பாரு, அது அவரே மலையேறி வேட்டையாடிச் சம்பாதிக்கிறது. நாம வாங்கிக் கொடுத்தா, ஒருத்தருக்கு டாக்டர் பட்டத்தைக் கடையில வாங்கிக் கொடுத்த மாதிரி ஆயிடும். குடிக்கிற ஃப்ளாஸ்க் எல்லாரும் கொடுப்பாங்க, ஷெல்ஃப்ல தூங்கும். பரிசுன்னா, அவர் தனக்குன்னு வாங்கிக்கவே மாட்டார், ஆனா கிடைச்சா கழட்டவே மாட்டார். அப்படி ஒண்ணுடா!"

அந்த ஒன்றைத் தேடி அவன் நடத்திய சோதனைகளில் விடுதியே ஆடிப்போனது. தண்ணீர் புகாத ரப்பர் காலணியைச் சோதிக்கக் குளியல் தொட்டியை நிரப்பி, கோட்டும் தொப்பியுமாக அதில் நின்றுகொண்டு செய்தித்தாள் படித்தான். கதவைத் திறந்த விடுதிக்காரம்மா அதே வேகத்தில் மறுபடி மூடிக்கொண்டு போனார். வேட்டைப் பைக்கு உள்ளே ரத்தம் கசியாமல் இருக்க ரப்பர் உறை ஒன்று இருக்கும். அதில் சாம்பாரை ஊற்றிக்கொண்டு பஸ்ஸில் ஆய்வுக்கூடம் வரை வந்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்தப் பையைக் கட்டிக்கொண்டு கொஞ்சினான். மறுநாளே, "பை அவர்கிட்ட நிச்சயமா இருக்கும்டா" என்று தள்ளிவைத்துவிட்டான். சாம்பார் மணம் வீசும் அந்தப் பை என் தலையில் விழுந்தது.

கடைசியில் கோட்டில் வந்து நின்றான். வேட்டைக்காரனின் கோட்டுக்கு முதல் லட்சணம் சத்தம் போடாமல் இருப்பதாம். கடைக்காரர் நம்பிக் கொடுத்தனுப்பிய கோட்டுகளோடு என்னை அறுவடை முடிந்த உருளைக்கிழங்கு வயலுக்கு இழுத்துக்கொண்டு போனான். முக்காலியை விரித்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டான்.

"நான்தான் மான். நீ பின்னாலேருந்து வா."

முதல் கோட்டு மழைத்துணி. நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். "கேட்டுடுச்சு!" என்று கத்திக்கொண்டு மான் எழுந்து வயலைத் தாண்டி ஓடியது. நிஜமாகவே ஓடியது. அடுத்ததில் பொத்தான் கிலுகிலுத்தது. மறுபடி ஓட்டம். டிராக்டரில் போய்க்கொண்டிருந்த விவசாயி வண்டியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார். கடைசிக் கோட்டு லோடன் என்கிற தடித்த பச்சைக் கம்பளித் துணி. நான் நடந்தேன். மான் அசையவில்லை. பக்கத்தில் போனேன். தோளைத் தொட்டேன். ஜமீன் போட்ட அலறலில் காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

"இதாண்டா! இதேதான்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். சட்டென்று முகம் வாடிவிட்டது. "ஆனா பாவம்டா மான்" என்றான்.

அதை வாங்க அவன் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன். கிராமத்துக்குக் கிளம்புகிற காலையில் அவன் அறைக்குப் போனேன். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தான். கோட்டு கட்டிலில் விரிந்து கிடந்தது. ஒரு தட்டில் மஞ்சளைக் குழைத்து, விரல் நுனியில் தொட்டு, கழுத்துப்பட்டையின் உள்பக்கம் பவ்வியமாக வைத்துக்கொண்டிருந்தான்.

"டேய், ஜெர்மன் கோட்டுக்கு எதுக்குடா இது?"

"புதுத்துணிடா" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"எனக்கு விவரம் தெரிஞ்சதுலேருந்து ஹாஸ்டல்தான். அப்பா அம்மா முகம் ஞாபகம் இல்ல. தீபாவளிக்கு மூட்டையிலேருந்து ஆளுக்கு ஒரு சட்டை எடுத்து வீசுவாங்க. வீட்டுக்குப் போயிட்டு வர்ற பசங்க காலர்ல மட்டும் மஞ்சள் இருக்கும். நான் அதையே பார்த்துட்டிருப்பேன். சட்டைக்கு ஏங்கலடா. அந்த மஞ்சளுக்கு ஏங்கினேன். யாரோ ஒருத்தர் அவனை நினைச்சு அதை வெச்சிருக்காங்கல்ல? எனக்குத் துணி எடுத்துத் தர யாரும் இல்ல. நான் எடுத்துத் தர்றதுக்காவது ஒருத்தர் வரட்டும்டா."

எப்போதும் அவனைக் கிண்டல் செய்கிற நான் அன்றைக்குக் கோட்டை மடித்துக் காகிதத்தில் சுற்ற உதவினேன்.

வனக்காவலர் ஆஜானுபாகுவான மனிதர். மீசை பெரியது, பேச்சு சின்னது. எரிக்கா எங்களுக்காக மாவு உருண்டையும் சிவப்பு முட்டைக்கோஸும் சமைத்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் மரத்தடியில் பரிசு பிரிப்பது அங்கே வழக்கம். பொட்டலத்தைப் பிரித்தார். கோட்டைத் தடவினார். போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தார். சத்தமே இல்லை. படுத்திருந்த நாய்கூடத் திரும்பவில்லை. ஜமீன் என் விலாவில் இடித்தான். கல்யாணம் முடிந்த மாதிரியே இருந்தது.

அப்போதுதான் அவர் கழுத்துப்பட்டையைத் திருப்பினார். "கறை" என்றார்.

எரிக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஜமீன் வாயைத் திறப்பதற்குள் கோட்டைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி, சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டாள். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்று நம் ஊரில் சின்னப் பெண்ணுக்கும் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? திரும்பி வந்தபோது கறை ரத்தச் சிவப்பு. வனக்காவலர் விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஆயுள் முழுக்க வேட்டையாடியவர்.

"இது ரத்தம்" என்றார்.

யாரையோ சுட்டுக் கழற்றிய கோட்டை ஜமீன் பரிசாகக் கொண்டுவந்திருக்கிறான் என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. அணுவைப் பற்றி மணிக்கணக்கில் ஜெர்மனில் பிரசங்கம் செய்கிற ஜமீனுக்கு, அந்த நேரம் பார்த்து ஜெர்மன் கைவிட்டுவிட்டது. "இல்லை. கிழங்கு. இஞ்சிக்குச் சொந்தம்" என்று திக்கினான். நான் உதவிக்குப் போய், "உருளைக்கிழங்கிலும் போடுவோம்" என்றேன். காரியம் இன்னும் கெட்டது.

ஜமீன் மூச்சை இழுத்துவிட்டு, மெதுவாக உண்மையைச் சொன்னான். "எங்கள் ஊரில் புதுத்துணியை வெறுமனே உடுத்த மாட்டோம். வீட்டுப் பெரியவர்கள் இதை வைத்துத் தருவார்கள். எனக்கு வைத்துத் தர யாரும் இல்லை. அதனால் உங்களுக்கு நான் வைத்தேன்."

வனக்காவலர் அவனையே பார்த்தார். கோட்டை ஆணியில் மாட்டினார். முழங்கையில் ஒட்டுப் போட்ட தன் பழைய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, சறுக்குவண்டியில் வைக்கோலை ஏற்றி, பனியில் காட்டு மான்களுக்குத் தீனி வைக்கப் போய்விட்டார்.

"பழசைப் போட்டுக்கிட்டுப் போறாருடா" என்றான் ஜமீன், ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. "அப்பா எதையும் உடனே சொல்ல மாட்டார், பொறுத்துக்கொள்" என்பாள் எரிக்கா. அவளுக்கே நிச்சயம் இல்லை என்பது குரலில் தெரியும். பச்சைத் தொப்பி அலமாரி உச்சிக்குப் போனது. முக்காலி கதவிடுக்கில் கிடந்தது. வசந்தம் வந்தது, கோடை போனது. ஜமீன் ஆய்வுக்கூடம் போனான், வந்தான், சாப்பிட்டான். விடுதி பாழடைந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. மறுபடி ஒரு தடவை அவன் மானாக உட்கார்ந்து என்னைப் பின்னால் வரச் சொல்ல மாட்டானா என்று நான் ஏங்கினேன்.

தீபாவளி வந்தது. அங்கே அது வெறும் சனிக்கிழமை. ஜமீன் சமையலறையில் எனக்காகக் கேசரி கிண்டிக்கொண்டிருந்தான். நான் மேஜையில் இருந்தேன். வாசலில் ஒரு பெரிய பச்சை உருவம் தெரிந்தது. விரலை உதட்டில் வைத்து என்னை எச்சரித்தது. அடிமேல் அடி வைத்து நடந்து வந்தது. சத்தமே இல்லை. ஜமீனின் தோளைத் தொட்டது.

ஜமீன் அலறிய அலறலில் கரண்டி ஒரு பக்கம், கேசரி ஒரு பக்கம்.

"நல்ல கோட்டு" என்றார் வனக்காவலர்.

பின்னாலேயே எரிக்கா வந்தாள், சிரிப்பும் அழுகையுமாக. அந்தக் கறையை யாரும் துவைக்கக் கூடாது என்று அப்பா அன்றைக்கே மனதுக்குள் தீர்மானித்துவிட்டாராம். வைக்கோல் சுமக்கப் போகும்போது யாராவது புதுக்கோட்டைப் போட்டுக்கொள்வார்களா என்று கேட்டாராம். இதை முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று எரிக்கா சண்டை போட்டதற்கு, "என்னை யாரும் கேட்கவில்லையே" என்றாராம்.

அவர் பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்றை ஜமீனிடம் நீட்டினார். "உங்கள் புதுத்துணிப் பண்டிகை இன்றைக்குத்தானே? எரிக்கா சொன்னாள்."

உள்ளே, மான் கொம்புப் பொத்தான் வைத்த பச்சைக் கம்பளி மேல்சட்டை. ஜமீன் கழுத்துப்பட்டையைத் திருப்பினான். உள்பக்கம் ஒரு விரல் அளவுக்கு மஞ்சளாக ஏதோ தீற்றியிருந்தது. முகர்ந்து பார்த்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

வனக்காவலர் மீசையைத் தடவினார். "அந்தக் கிழங்கு எங்கள் பக்கம் கிடைக்கவில்லை. வீட்டில் கடுகு விழுதுதான் இருந்தது. பரவாயில்லையா?"

ஜமீன் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் காலில் விழுந்தான். அந்த மனிதர், அவன் எதைத் தவறவிட்டான் என்று தரையில் தேடினார்.

கல்யாணத்துக்கும் அதைத்தான் உள்ளே போட்டிருந்தான். துவைக்கவே விடவில்லை. சுத்த சைவமான எங்கள் ஜமீன், பல மாதம், கடுகு தடவி விற்கும் ஸாஸேஜ் கடை வாசலைப் போல மணந்துகொண்டு ஊரெல்லாம் திரிந்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஊர் திரும்பினேன். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் ஒரு பெரிய பொட்டலத்தை என் கையில் திணித்தான். அதே மாதிரி புது லோடன் கோட்டு.

"டேய், மதுரைக்கு எதுக்குடா இது?"

"நீதானடா டெஸ்ட் பண்ணின. வெச்சுக்க."

கழுத்துப்பட்டையின் உள்ளே மஞ்சள் இருந்தது. விமானம் கிளம்பும்வரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. போக முடியவில்லை, அவனும் வரவில்லை, வருஷங்கள் ஓடிவிட்டன.

தீபாவளிக்குத் தீபாவளி, விடியற்காலையில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நடக்கிறேன். வேர்த்துக் கொட்டும். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். சத்தமில்லாமல் அடி வைத்து நடக்கும்போது, கைப்பிடிச் சுவரோரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி, முக்காலியில் அவன் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். தோளைத் தொட்டு, ஒரே ஒரு தடவை அவன் அலறுவதைக் கேட்க வேண்டும் போலிருக்கும்.