ஆட்காட்டி விரலுக்கு வந்த வரி

எது நியாயமான வரி என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. குழு மூன்று வருடம் உட்கார்ந்தது. உட்கார்ந்த உட்காரலில் நாற்காலிகளின் பிரம்பு அறுந்து, புது நாற்காலி வாங்குவதற்காக ஒரு துணைக்குழு அமைந்து, அதுவும் உட்கார்ந்தது. கடைசியில் எண்ணூறு பக்கத்தில் ஓர் அறிக்கை வந்தது.

அறிக்கையின் சாரம் இதுதான். எல்லோரிடமும் ஒரே தொகை வாங்கினால் இல்லாதவன் கத்துகிறான். வருமானத்துக்குத் தக்கபடி வாங்கினால் இருக்கிறவன் கத்துகிறான். நம்முடையதோ கலப்புப் பொருளாதாரம். பேருந்து அரசாங்கத்துடையது, அதன் டயர் தனியாருடையது. தண்ணீர் அரசாங்கத்துடையது, அது வருகிற குழாய் தனியாருடையது. இதில் யார் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று பிரித்துப் பார்க்கக் கிளம்பினால் நாற்காலிகள் தாங்காது. ஆகவே எல்லோருக்கும் பொதுவான ஒன்றை வைத்துத்தான் அளக்கவேண்டும். எல்லோருக்கும் பொதுவானது வலி. வரி கட்டும்போது எல்லோருக்கும் ஒரே அளவு வலித்தால் அதுவே நியாயம்.

இதற்குச் சமவலிக் கொள்கை என்று பெயர் வைத்து, வலிமானி என்று ஒரு கருவியும் வாங்கினார்கள். சின்னப் பெட்டி, அதில் ஒரு ஊசி. ஆட்காட்டி விரலில், துணி காயப்போடுகிற கிளிப் மாதிரி ஒன்றை மாட்டுவார்கள். அதிகாரி தொகைகளை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார். எந்தத் தொகையில் ஊசி நாற்பதைத் தொடுகிறதோ, அதுதான் அந்த ஆளுக்கு வரி. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. விஞ்ஞானம்.

வரி அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் துணி தேய்க்கிற கடை வைத்திருந்த அக்காவுக்கு, செய்தி கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது. எட்டுக்குப் பத்து அறை, ஒரு மேஜை, ஒரு இஸ்திரிப் பெட்டி. அந்தக் கடைதான் அவளுக்குச் சோறு.

"என்னங்க, வலியை வெச்சு அளந்தா நமக்கு வரியே வராது. போன மாசம் கரண்ட் பில்லுக்கே எனக்கு மூணு நாள் தூக்கம் போச்சு," என்றாள் வீட்டுக்காரரிடம்.

அவர் அரசாங்கப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முழங்கால் போய்விட்டதால் கடை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். "நம்ம குடும்பமே கலப்புப் பொருளாதாரம்தான். என் பென்ஷன் அரசாங்கம், உன் பெட்டி தனியார். ரெண்டையும் சேர்த்தாலும் மாசம் இருபத்தஞ்சாம் தேதியைத் தாண்டறதில்ல. பாவம் பார்ப்பாங்க," என்றார்.

அளவெடுக்கிற நாளில் அவளுக்கு முன்னால் நின்றவர் சிமெண்டு ஆலை முதலாளி. வாரத்துக்குப் பதினான்கு சட்டை அவளிடம்தான் வரும். அவர் விரலில் கிளிப்பை மாட்டி, அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐம்பது," என்றார்.

ஊசி துள்ளிக்கொண்டு போய் நாற்பதில் நின்றது. முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். இரண்டு பியூன்கள் தாங்கிப் பிடித்தார்கள். ஒருவர் சோடா வாங்க ஓடினார்.

"ரொம்ப மென்மையான மனுஷன்," என்று சொல்லி, அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐம்பது என்று எழுதினார்.

அடுத்து அக்கா. நூறுக்கு ஊசி அசையவில்லை. ஐந்நூறுக்கு அசையவில்லை. ஆயிரத்துக்கு அவள் துள்ளினாள், ஊசி துள்ளவில்லை. ஐயாயிரத்தில் அதிகாரி தண்ணீர் குடித்தார். எட்டாயிரத்தில் அவளுக்குக் கண் இருட்டியது.

"சார், வலிக்குது. ஆயிரத்துலயே வலிக்க ஆரம்பிச்சிருச்சு."

"ஊசி அப்படிச் சொல்லலையேம்மா."

"வலி எனக்கா, ஊசிக்கா?"

"அரசாங்கத்துக்கு ஊசிக்கு வலிச்சாத்தான் வலி. ஆளுக்கு ஆள் வலிக்குதுன்னு வாயால சொன்னா நியாயம் எங்க இருந்து வரும்? பன்னிரண்டாயிரம்."

பன்னிரண்டாயிரத்தோடு அவரிடமிருந்த பட்டியல் முடிந்துவிட்டது. ஊசி அப்போதும் படுத்த படுக்கை. அதிகாரி பன்னிரண்டாயிரம் என்றே எழுதிவிட்டு, அவளை மரியாதையோடு பார்த்தார். "முப்பது நாளைக்குள்ள கட்டணும். கட்டலைன்னா கடைக்கு சீல். இவ்வளவு தெம்பான குடிமக்கள் இருக்கிறது நாட்டுக்குப் பெருமைம்மா."

அவள் கடைக்கு வந்து உட்கார்ந்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குறை விரலில்தான் இருந்தது. இஸ்திரிப் பெட்டியின் சூடு பதமாக இருக்கிறதா என்று பார்க்க, விரலைத் தண்ணீரில் நனைத்து அதன் அடித்தகட்டில் ஒரு தொடு தொடுவாள். தினமும் நூறு தடவை, முப்பது வருஷம். ஆட்காட்டி விரலின் நுனி காய்த்துப்போய்ச் செருப்புத் தோல் மாதிரி இருந்தது. அதன்மேல் கிளிப்பை மாட்டினால் எந்த ஊசிக்கு என்ன தெரியும்?

மறுநாள் அலுவலகத்துக்குப் போய் இதைச் சொன்னாள். "இடதுகை விரல்ல மாட்டிப் பாருங்க சார்."

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "வலது கை, ஆட்காட்டி விரல்னு போட்டிருக்கு. தோலைப் பத்தி ஒண்ணும் போடல. முப்பது நாளைக்குள்ள ஒரே ஒரு தடவை மறு அளவீடு கேட்கலாம். அதுக்குள்ள விரலைத் தயார் பண்ணிக்கிறது உங்க பொறுப்பு. அளக்கிறது அரசாங்கம், விரலைத் தயார் பண்றது தனியார். அதுதானேம்மா கலப்புப் பொருளாதாரம்."

தனியார் சும்மா இருக்கவில்லை. அதே தெருவில் நான்கு விரல் பராமரிப்பு நிலையங்கள் முளைத்தன. பாலில் ஊறவைக்க ஒரு தொகை, பன்னீரில் ஊறவைக்க ஒரு தொகை. ஊரில் மென்மையான ஆட்காட்டி விரல் நாகரிகமாகிவிட்டது. வசதியானவர்கள் அந்த ஒரு விரலுக்கு மட்டும் பட்டு உறை போட்டுக்கொண்டு நடந்தார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், "பையன் விரல் எப்படி?" என்று விசாரித்தார்கள். அக்கா விலை கேட்டாள். எட்டாயிரம் என்றார்கள். எட்டாயிரம் இருந்தால் அவள் ஏன் அங்கே வந்து நிற்கப்போகிறாள்?

வீட்டிலேயே வைத்தியம் செய்தாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வெந்நீரில் விரலை ஊறப்போட்டு, பாதம் தேய்க்கிற கல்லால் தேய்த்தாள். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து நாள் எண்ணினார். இருபத்தெட்டாவது நாள், தோல் பூராவும் உரிந்து, விரல்நுனி பச்சைக்குழந்தை கன்னம் மாதிரி சிவந்து நின்றது.

"நாளைக்கு மறு அளவீடு. இன்னிக்கு ஒரு நாள் பெட்டியைத் தொடாதே," என்றார் அவர்.

"ஆமா, ஆலைக்காரர் சட்டை பதினாலும் தானாவே தேய்ச்சுக்கும்," என்று சொல்லிக்கொண்டே, முப்பது வருஷப் பழக்கம், விரலை நனைத்து அடித்தகட்டைத் தொட்டாள்.

சுர் என்றது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து "ஆ" என்று ஒரு சத்தம் வந்தது. வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டார்.

மறுநாள் கொப்புளம் போட்ட விரலோடு போனாள். அதிகாரி கிளிப்பை மாட்டி, பட்டியலை எடுக்கக் கையை நீட்டினார். எடுக்கவில்லை. அதற்குள் ஊசி நாற்பதைத் தாண்டி, எழுபதைத் தாண்டி, கடைசி முள்ளில் மோதி நடுங்கியது.

"நான் இன்னும் ஒண்ணுமே வாசிக்கலையேம்மா."

"வாசிக்காமலே இவ்வளவு வலிக்குது சார். வாசிச்சா என்ன ஆவேனோ."

அதிகாரி நேர்மையானவர். விதிப்புத்தகத்தைத் திறந்து பார்த்தார், மூடினார். வரி: இல்லை என்று எழுதி முத்திரை குத்தினார்.

அன்று சாயங்காலமே காய்கறிக்காரம்மா வந்து நின்றாள். அவள் கையும் காய்த்துப்போன கைதான். ஏழாயிரம் வந்திருந்தது. "அக்கா, எனக்கும் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்க. லேசா."

"பைத்தியமா உனக்கு? கொப்புளம் போடும்."

"கொப்புளம் பத்து நாள்ல போயிடும். ஏழாயிரம் வருமா?"

அக்கா யோசித்தாள். விரலுக்கு ஐந்து என்று வாங்கிக்கொண்டு, பெட்டியைப் பதமாக ஆறவிட்டு, ஒரு தொடு. அடுத்த நாள் கொத்தனார், கண்டக்டர், பள்ளிக்கூட வாத்தியார். கூட்டத்தைப் பார்த்து, மறு அளவீட்டுக்கு இன்னும் முப்பது நாள் கொடுத்தார்கள். அடுத்த வாரம் கியூ தெருமுனை திரும்பியது. தேய்க்க வந்த துணிகள் மூட்டையாகவே கிடந்தன. விரல் பராமரிப்பு நிலையங்கள் மூடிக்கொண்டன. பட்டு உறை போய்க் கட்டுப்போட்ட விரல் நாகரிகமானது. கட்டுக்கு மேலே சின்னதாகப் பூ வேலை செய்தும் விற்றார்கள்.

ஆலை முதலாளியும் காரில் வந்து இறங்கினார், கணக்கரோடு.

"உங்களுக்கு ஐம்பதுதானே சார் வரி?" என்றாள் அக்கா.

"ஐம்பது சும்மா வருதாம்மா? ஆமா, என் விரலுக்குப் பதிலா இவர் விரல்ல வைக்க முடியுமா?"

"வெச்சா அவர் வரி போகும். உங்க வரி அப்படியே நிக்கும்."

முதலாளி கணக்கரை வருத்தத்தோடு பார்த்துவிட்டு விரலை நீட்டினார். கூடவே மூளையையும் நீட்டியிருக்கிறார். பதினைந்து நாளில் அவருடைய ஆலையின் பின்கட்டில் தீப்புண் களிம்பு தயாராகி, கியூவிலேயே விற்பனைக்கு வந்தது. டப்பா எழுபது. அந்த எழுபது யாருக்கும் வலிக்கவில்லை. களிம்பு தடவினால் வலிக்காது என்று டப்பாவிலேயே போட்டிருந்தது.

கடைசியாக, இருட்டின பிறகு, துண்டால் தலையை மூடிக்கொண்டு வரி அதிகாரியே வந்தார். "நான் அரசு ஊழியன்தான். ஆனாலும் குடிமகன்மா," என்றார். அக்கா அவருக்குக் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

நாட்டில் ஒருவருக்கும் வரி இல்லை என்று ஆனது. ஜனங்கள் விரலை ஊதிக்கொண்டே சந்தோஷமாக இருந்தார்கள். பிறகு தெருவிளக்கு எரியவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீர் வாங்கினார்கள், அதுவும் முதலாளியின் லாரி. அரசு ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி தீர்ந்தது. ஒண்ணாம் தேதி வீட்டுக்காரர் பென்ஷன் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினார்.

"பணம் இல்லையாம்," என்றார்.

"அரசாங்கத்துக்கிட்டயா பணம் இல்ல?"

"யாரும் வரி கட்டலையாம்."

"மனுஷங்களுக்குப் பொறுப்பே இல்லாமப் போச்சு," என்றாள் அக்கா, பெட்டியைச் சூடேற்றிக்கொண்டே.

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பேப்பரை விரித்துக்கொண்டார். முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர்; எங்கே பிரேக் போடவேண்டும் என்று தெரியும்.

அரசாங்கம் விழித்துக்கொண்டது. அதே குழு, புது நாற்காலிகள் வேனில் பின்தொடர, நேரே கடைக்கு வந்தது. குழுத்தலைவர் கியூவைப் பார்த்தார். வலிமானியை வரவழைத்து, முன்னால் நின்ற கொத்தனாருடைய இன்னொரு கை விரலில் மாட்டினார். விதியெல்லாம் குழுவுக்கு இல்லை.

"இங்க அஞ்சு கொடுக்கிறீங்களே, வலிக்குதா?"

"அஞ்சுதானே சார்," என்றார் கொத்தனார். ஊசி படுத்துக் கிடந்தது.

"இருபது கேட்டா?"

"வரி வராம இருக்கும்னா இருபது என்ன சார் பெரிசு?" ஊசி புரண்டுகூடப் படுக்கவில்லை.

தலைவர் மற்ற உறுப்பினர்களைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வருடமும் எண்ணூறு பக்கமும் தேடியது அந்த எட்டுக்குப் பத்து அறையில் கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே தொகை, ஒருவருக்கும் மனசு வலிக்கவில்லை, வலிக்கிற விரல் எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிக்கிறது. இதைவிட நியாயம் உண்டா?

ஒரு வாரத்தில் கடைக்கு வெளியே பலகை மாட்டினார்கள். "சமவலி நிலையம். அரசு, தனியார் கூட்டு முயற்சி." கட்டணம் இருபது. அதில் பதினாறு அரசாங்கத்துக்கு, களிம்பு ஒப்பந்தத்துக்காக முதலாளிக்கு மூன்று, அக்காவுக்கு ஒன்று. அளவெடுப்பையும் மாதாமாதம் என்று மாற்றினார்கள். மாதம் ஒரு தடவை எல்லோரும் வந்து கட்டிவிட்டு, சூடு வாங்கிக்கொண்டு, இந்த மாதமும் வரி கட்டாமல் தப்பித்துவிட்டோம் என்று சிரித்துக்கொண்டே போனார்கள். தெருவிளக்கில் ஒன்றுவிட்டு ஒன்று எரிந்தது. பென்ஷனில் பாதி வந்தது. தேய்க்கத்தான் ஆள் இல்லை. ஊரே கசங்கின சட்டையோடு நடமாடியது. அதையும் நாகரிகம் என்று சொல்லிவிட்டார்கள்.

வருடக் கடைசியில் அதிகாரி வலிமானியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விரலில் அவள் வைத்த தழும்பு இருந்தது.

"எல்லாருக்கும் வரி முடிஞ்சுதும்மா. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. தலைக்கு ஒண்ணு வாங்கறீங்களே, அது வருமானம்."

"அவ்வளவுதானே சார், இருங்க," என்று அவள் பெட்டியை எடுத்தாள்.

அதிகாரி தடுத்தார். "நிலையத்தில் வேலை பார்க்கிறவங்க நிலையத்தோட சேவையைத் தாங்களே எடுத்துக்கக் கூடாது. ஊழல்."

கிளிப்பை மாட்டினார். அக்கா தன் விரலைப் பார்த்தாள். ஒவ்வொரு ஆளுக்கும் சூடு பதமா என்று தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்து, நுனி மறுபடியும் செருப்புத் தோலாகியிருந்தது.

"நூறு," என்றார் அதிகாரி. "ஐந்நூறு. ஆயிரம்."

ஊசி நிம்மதியாகத் தூங்கியது. வீட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து மெதுவாக எழுந்தார். வெளியே கியூவில் நின்ற காய்கறிக்காரம்மா எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"சார், கொஞ்சம் சீக்கிரம் வாசிச்சு முடிங்க. பெட்டி ஆறுது."