தோல் சாரும் மல்லாட்டை எண்ணெயும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே சொந்தக் காரில் உட்காரவே அஞ்சி நடுங்கிய ஒரே மனிதர் எங்கள் தோல் சார்தான். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர் விலங்கியல், நான் சமூக அறிவியல். 'தோல் சார்' என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்தது அவருக்கே மறந்திருக்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய கார் வாங்கினார். 'உள்ள அத்தனையும் ஒரிஜினல் லெதருங்க' என்று விற்றவன் சொன்ன ஒரே வார்த்தையில் விழுந்தவர், எழுந்திருக்கவே இல்லை. இஞ்சின் காசநோய்க்காரன் மாதிரி இருமியது. அதையெல்லாம் அவர் காதில் வாங்கவில்லை.

விழுப்புரத்திலிருந்து தினமும் திண்டிவனம் பக்கம் வேலைக்குப் போகிற நாங்கள் சில பேர் அந்தக் காரில் சேர்ந்து போனோம். ஏறுவதற்கு முன் சோதனை நடக்கும். பின் பாக்கெட்டில் சாவி, சீப்பு எதுவும் இருக்கக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்தவர் சாயக் கூடாது. ஆளுக்கொரு துண்டு விரித்து அதன் மேல்தான் உட்கார வேண்டும். கணக்கு டீச்சர் ஒரு நாள் மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு வந்தார். பூவிலிருந்து ஈரம் இறங்கும், கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் இவர். டீச்சர் மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனார்.

ஏசி உண்டு. போட மாட்டார். கத்திரி வெயிலில் நாங்கள் அவிந்துகொண்டு கெஞ்சுவோம்.

"ஏசி போட்டா தோலு வறண்டுடும் சார். மனுசனுக்கு வேர்த்தா தொடச்சிக்கலாம். அது என்னா பண்ணும், பாவம்?"

எங்களுக்கும் தோல் இருக்கிறது என்பது விலங்கியல் படித்த அந்த மூளைக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் இருந்தது ஒரே ஒரு வேப்பமரம். நிழல் நகர நகரக் காரும் நகரும். இதயத்தின் நாலு அறைகளில் இரண்டை நடத்தியிருப்பார், நிழல் தள்ளிப் போயிருக்கும். சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடுவார். திரும்பி வருவதற்குள் மணி அடித்துவிடும். அவரிடம் படித்த பல பேருக்கு இன்றைக்கும் இதயத்தில் இரண்டு அறைதான். பொறுத்துப் பார்த்த தலைமையாசிரியர், வகுப்பு முக்கியமா கார் முக்கியமா என்று ஒரு நாள் கேட்டே விட்டார். நம்மாள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

இந்த லட்சணத்தில்தான் அவர் மகள் கயல்விழிக்கு வரன் வந்தது. முகையூர்ப் பக்கம் சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். பையன் தங்கமான பையன். போட்டோவை வாங்கிப் பார்த்த கயல்விழி அதைத் திருப்பித் தரவே இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு முன் வந்த ஒரு இடம், இவர் காரைப் பற்றிப் பேசிய பேச்சில் மிரண்டு பாதி காபியிலேயே எழுந்து போயிருந்தது. அதனால் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "கூடவே இருங்க சார். அவரு வாயத் தொறந்து காரப் பத்திப் பேசாம பாத்துக்குங்க. இந்த எடமும் போச்சுன்னா எம் பொண்ணு தாங்க மாட்டா" என்றார். அந்த அம்மா கண் கலங்கியதைப் பார்த்து நானும் தலையாட்டிவிட்டேன்.

வாயை அடைக்க என்னால் முடியும். கையை என்ன செய்வது? அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் சாயங்காலமே காரியத்தை முடித்திருந்தார் மனுஷன். கோடையில் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதில்லையா, அது போலத்தானே இதுவும் என்று, செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெயை, அதாவது கடலை எண்ணெயை, வாங்கிப் பின் சீட்டு முழுக்க ஊற்றி ஊற்றித் தேய்த்திருக்கிறார். அதோடு விட்டாரா? வருகிறவர்கள் சம்பந்தி ஆகப் போகிறவர்கள், அவர்களைத் துண்டில் உட்காரவைத்தால் மரியாதை இல்லை என்று, அந்தக் காரின் சரித்திரத்திலேயே முதல் முறையாகப் பின் சீட்டுத் துண்டுகளை எடுத்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து விழுப்புரத்தில் இறங்குவதாக ஏற்பாடு. அழைத்துவர நாங்கள் இரண்டு பேரும் போனோம். பஸ் வர நேரமாயிற்று. நிழலையெல்லாம் பழ வண்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டதால் கார் வெட்ட வெயிலில் கிடந்து காய்ந்தது. ஒரு வழியாக வந்து இறங்கினார்கள். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் அப்பா, சந்தனக் கலர் பட்டில் அம்மா, வெளிர் நிறப் பேண்ட்டில் பையன். மூன்று பேரும் பின்னால் உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அந்த அம்மா மூக்கை உறிஞ்சி, எங்கேயோ வடை சுடுகிறார்கள் போல என்றார்.

வீட்டு வாசலில் இறங்கி, மாப்பிள்ளையின் அப்பா முன்னால் நடந்தார். பின்னால் வந்த எனக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. வேட்டி எண்ணெயில் ஊறி உடம்போடு ஒட்டிப்போய், உள்ளே இருந்த கோடு போட்ட டிராயர் என்ன நிறம் என்பது வரைக்கும் தெரிந்தது. பட்டுப் புடவையும் போச்சு, பேண்ட்டும் போச்சு. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் எண்ணெயா என்று அந்த அம்மா முகம் சுருங்க முணுமுணுத்தார்.

வேறொருவராக இருந்தால் காலில் விழுந்திருப்பார். நம்மாள் வெளியே ஓடினார். சீட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார்.

"குடிக்கல சார். தோலு ஒரு சொட்டு எண்ண கூடக் குடிக்கல."

நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், நிற்கவில்லை. தோலில் நுண்துளைகள் உண்டு, வெயிலில் அவை விரியும், எண்ணெய் உள்ளே போயே ஆக வேண்டும் என்று நடுக்கூடத்தில் பாடம் ஆரம்பித்துவிட்டார். ஒரு நாளும் முழுதாக ஒரு பாடம் நடத்தாத மனுஷன் அன்றைக்குப் பார்த்து நிறுத்த மாட்டேன் என்கிறார். கடைசியில் மாப்பிள்ளையின் அப்பாவையே கேட்டார்:

"ஒருவேள நீங்க ரொம்ப அழுத்தி உக்காந்துட்டீங்களா?"

அவர் நாற்காலியில் போட்டிருந்த மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். கிளம்புகிற ஆளின் கை அது. சமையலறை வாசலில் நின்ற இவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் யாரும் கூப்பிடாமலே கயல்விழி கூடத்துக்கு வந்தாள். கையில் பவுடர் டப்பா. எண்ணெய்க் கறையில் தூவினால் இழுத்துக்கொள்ளும் என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் அதைக் கொடுத்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அது குடிக்காது. அது தோலே இல்ல, ரெக்சினு. நீ வாங்கிக்கினு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்."

தோல் சார் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றார். நாலு வருஷம் நாங்கள் வெந்தது ரெக்சினுக்காகவா என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அது பெண் பார்க்கிற வீடாக மட்டும் இல்லாதிருந்தால் நடந்திருப்பதே வேறு.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று மாப்பிள்ளையின் அப்பா அவளைக் கேட்டார்.

"அவுரு தெனம் சந்தோசமா தொடச்சிக்கினு இருந்தாருங்க. அத எதுக்குக் கெடுக்கணும்னு உட்டுட்டேன்."

அவர் தோளில் போட்ட துண்டை எடுத்து நாற்காலியில் விரித்து, அதன் மேல் உட்கார்ந்தார். தன் மனைவியைப் பார்த்து, "நமக்கு வேற என்னாடி வேணும்? பூ வெச்சிட்டே போலாம்" என்றார். அந்த அம்மா பவுடர் அப்பிய புடவையோடு எழுந்து போய்க் கயல்விழியின் தலையில் பூ வைத்தார். பையன் அப்போதுதான் மூச்சு விட்டான்.

எல்லோரும் சிரிக்கிறார்கள், பெண்ணின் அப்பாவைத்தான் காணோம். எனக்குத் தெரியாதா எங்கே இருப்பார் என்று? போனேன். கார் வெயிலில் நின்றது. பின் சீட்டில், விசேஷத்துக்கென்று எடுத்த புதுச் சட்டையோடு எண்ணெயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ரெக்சினை நினைத்துத்தான் அழுகிறார் என்று நினைத்தேன்.

"நாலு வருசமா கம்முனு இருந்திருக்கா சார். இனிமே எனக்காக யாரு சார் கம்முனு இருப்பாங்க?"

அவரை எத்தனையோ கேலி பேசியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன். அன்றைக்குப் பேண்ட் போனால் போகிறது என்று கதவைத் திறந்து, அந்த எண்ணெயிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.