நோட்டில் நிமிர்ந்த முதுகு

இடுப்புவலிக்காரர்களில் ஒரு வகை உண்டு. பயிற்சியைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருப்பார்கள். செய்வதை மட்டும் மற்றவர்களுக்கு விட்டுவிடுவார்கள். பாளையங்கோட்டையில் தெருவுக்கு இருவராவது தேறுவார்கள். நமக்குச் சங்கரசுப்பிரமணியன் ஒருவர் போதும். அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நான்கு வருஷமாக இடுப்புவலி.

மகள் விஜயஸ்ரீக்குத் தையில் கல்யாணம். மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். நாற்காலி போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னவர்களிடம் சண்டைக்கே போனார். ஆசை அவ்வளவு, பாவம். பிசியோதெரபிஸ்ட் ரீபா நான்கு பயிற்சிகளைப் படத்தோடு ஒரு தாளில் கொடுத்து, மூன்று மாசம் தினமும் செய்தால் உட்கார்ந்து எழுந்துவிடலாம் என்றார்.

செய்தாரா? முதலில் தாளை லேமினேட் செய்தார். பிறகு நகல் எடுத்து, பால்காரர், டவுன் பஸ்ஸில் பக்கத்தில் மாட்டிக்கொண்டவர், இடுப்புப் பிடிப்போடு நிச்சயதார்த்தத்துக்கு வந்த நாங்குநேரிச் சம்பந்தி பாலசுப்பிரமணியன் என்று ஒருவர் விடாமல் கொடுத்து, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது எப்படி என்பதை நாற்காலியில் சாய்ந்தபடியே விளக்கினார். அப்புறம் கோடு போட்ட நோட்டில் தனக்குத்தானே ஒரு வருகைப் பதிவேடு தொடங்கினார். அங்கேதான் பழைய ஆபீஸ் புத்தி குறுக்கே வந்தது. திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

மனைவி பிரம்மநாயகி ஒருநாள் நோட்டைப் பார்த்துவிட்டாள்.

"இன்னைக்கு வியாழக்கெழமதான? சனிக்கெழமைக்கு எப்பிடிக் கையெழுத்து விழுந்திருக்கு?"

"செய்யத்தான போறேன். தெனமும் யாரு நோட்டைத் தேடிக்கிட்டு அலையது?"

கல்யாணத்தன்று உட்கார்ந்துவிட்டார். தாரை வார்த்தார், கண் கலங்கினார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. மணமக்கள் காலில் விழக் காத்து நிற்கிறார்கள். இவர் தரையில் உட்கார்ந்து பல்லைக் கடிக்கிறார். சம்பந்திதான் முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து, தனியொருவராக அவரைத் தூக்கி நிறுத்தினார்.

"ஒமக்கு இடுப்புப் பிடிப்புல்லா இருந்துச்சு?" என்றார் இவர்.

"நீங்க குடுத்த தாள்தான் அண்ணாச்சி. தெனமும் செய்யுதேன்."

சங்கரசுப்பிரமணியனுக்கு அன்று இடுப்பைவிட அதுதான் அதிகம் வலித்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இதைப் படிக்கும்போதே இடுப்புவலிக்காரர் ஒருவர் உங்கள் ஞாபகத்துக்கு வந்து, அவருக்கு உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது, இல்லையா? அனுப்பலாம். முதலில் நீங்கள் மல்லாந்து படுங்கள்.