சிப்புக்கு எத்தனை மாடி?

மேனேஜர் தன் போனை சர்க்யூட் டிசைனரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"படிச்சீங்களா? ஒரு பெரிய கம்பெனி அடுத்த ப்ராசஸர்ல சர்க்யூட்டை மாடி மாடியா அடுக்குதாம். சிக்னல் ஓடுற தூரம் குறைஞ்சு வேகம் கூடுமாம். பெரிய கம்பெனின்னா வேற யாரு, நம்ம எதிரிதான்."

"அது யார் வேணும்னாலும் எழுதுற வதந்தித் தளம் சார். அடுக்கினா கீழ்மாடி சூட்டுல வெந்துடும்."

"வேகட்டும். அவங்ககிட்ட இருக்கு, நம்மகிட்ட இல்லேன்னா நம்ம பிரிவையே இழுத்து மூடிடுவாங்க. விசாரிங்க."

டிசைனருக்கு வேலை போய்விடுமோ என்று பயம். கூடவே ஒரு குறுகுறுப்பும். ஒருவேளை வேகாமல் அடுக்க நிஜமாகவே வழி இருக்கிறதோ?

எதிர்க் கம்பெனியில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் மனைவியின் தம்பி. அவனுக்கும் இதே வேலை. அதனாலேயே வீட்டில் சிப் பேச்சுக்குத் தடை. பார்சல் கிடங்கில் வேலை பார்க்கும் மனைவி ஆசையாக ஏதாவது கேட்டால்கூட, புருஷனும் தம்பியும் சேர்ந்து "கம்பெனி ரகசியம்" என்று வாயை அடைத்துவிடுவார்கள். அவள் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் சாப்பிட வந்தான்.

"என்னப்பா, உங்க ஆபீஸ்ல சூடு எப்படி?" என்று டிசைனர் நைசாகத் தூண்டில் போட்டார்.

மைத்துனன் கையிலிருந்த ஸ்பூன் நழுவியது. "சூடா? உங்க ஆபீஸ்ல எப்படி அத்தான்?"

அந்த ஸ்பூன் போதாதா? மறுநாள் டிசைனர் மேனேஜரிடம் அடித்துச் சொன்னார். "உண்மைதான் சார். ஆள் முகமே வெளிறிப்போச்சு."

"அப்ப நாம மூணு மாடி."

மூன்று மாடி சோதனைச் சிப் மேஜையைப் பொசுக்கியது. அதைக் குளிரவைக்க டிசைனர் ஒரு விசிறி பொருத்தினார். விசிறி கம்ப்யூட்டரைவிடப் பெரிதாக இருந்தது. அதற்குள் எதிர்க் கம்பெனி நான்கு மாடி என்று அதே வதந்தித் தளத்தில் வந்துவிட, மேனேஜர் ஐந்து என்றார். அதுவும் அந்தத் தளத்தில் வந்தது. டிசைனருக்குத் தூக்கம் போயிற்று.

அடுத்த ஞாயிறு மைத்துனன் சவரம் செய்யாத முகத்தோடு வந்து நின்றான்.

"அத்தான், ரகசியமாவது மண்ணாவது. என் வேலை போயிடும் போலிருக்கு. உங்க அஞ்சு மாடி எப்படி வேகாம நிக்குது?"

"எங்க நிக்குது? உங்களைப் பார்த்துத்தானே நாங்க அடுக்கினோம்."

"நாங்களா? அந்தத் தளத்துல சொன்ன 'பெரிய கம்பெனி' நீங்கதான்னு எங்க மேனேஜர் சொன்னார். நீங்க வேற சூட்டைப் பத்திக் கேட்டீங்க. நானும் போய் உண்மைதான்னு சொல்லிட்டேன்."



"அப்ப முதல்ல அடுக்கினது யாரு?" என்றார் டிசைனர்.

தண்ணீர் கொண்டுவந்து வைத்த மனைவி சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கவே மாட்டீங்களேன்னு, எங்க கிடங்குல பார்சலை அடுக்குற மாதிரி ஒரு பெரிய கம்பெனி சிப்பையும் மாடி மாடியா அடுக்கினா என்னன்னு அந்தத் தளத்துல நான்தான் கேட்டேன், இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லலை."