அருவியில் குளித்த காய்ச்சல்

உலகத்திலேயே கஷ்டமான வேலை எது என்று என்னைக் கேட்டால், கரும்பு வெட்டுவதும் இல்லை, களை எடுப்பதும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நோயாளி மாதிரி படுத்துக் கிடப்பதுதான். எல்லாவற்றையும் செய்து பார்த்தவள் சொல்கிறேன். களை எடுத்தால் கூலியாவது வரும். படுத்துக் கிடந்ததில் எனக்கு வந்தது ஒரு பை ஆரஞ்சுப் பழம். அதுவும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

(எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் கவிதா போனில் தட்டுகிறாள். நான் "வூடு" என்றால் அவள் "வீடு" என்று போடுகிறாள். போட்டுக்கொள்ளட்டும், சம்பாதிக்கிறவள் அவள்தானே.)

கவிதாவுக்குக் கள்ளக்குறிச்சியில் ஓர் ஆபீசில் கணக்கு வேலை. மருமகன் லாரி ஓட்டுகிறார். அவர் வீட்டில் இருக்கிற நாள்தான் எங்களுக்குப் பண்டிகை. பேத்தி மித்ராவுக்கு அப்போது ஐந்து வயது. பிள்ளையைக் கிளப்பி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஆபீசில் கணக்குப் போட்டு, திரும்பி வந்து சோறாக்கி, இது போதாதென்று கவிதா போனிலேயே இன்டர்நெட்டில் பிளாக் வேறு எழுதுவாள். 'அரக்கப்பரக்க' என்று அதற்குப் பெயர். தன் பெயரைப் போட மாட்டாள். ஆட்டோவில் எழுதுவாள், அடுப்படியில் எழுதுவாள். ஒருநாள் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் போனுமாக நின்றவள், போனை விட்டுச் சாம்பாரைக் கிளறப் போனாள். நான்தான் பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"அப்படி இன்னாடி எழுதிக்கினு இருக்க? எனக்கும் கொஞ்சம் படிச்சுக் காட்டேன்."

"நேரம் எங்கம்மா இருக்குது? ஞாயித்துக்கெழம படிக்கிறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. வந்ததெல்லாம் துணி துவைக்கிற ஞாயிற்றுக்கிழமை.

ஆபீசில் அவள் தற்காலிகம். நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டியவர் அவளுடைய மேடம். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அவருக்குக் 'குக்கர் மேடம்' என்று பெயர். யாரைக் கூப்பிட்டாலும் மூன்று தடவை கூப்பிடுவாராம். ஒவ்வொரு தடவைக்கும் குரல் ஏறுமாம். மூன்றாவது விசிலுக்குள் போய் நிற்காவிட்டால் மூடி பிய்த்துக்கொண்டு போகுமாம்.

ஒரு நாள் காலை கவிதா பிள்ளையின் டிபன் பாக்ஸில் சோற்றுக்குப் பதில் ஊறவைத்த அரிசியைப் போட்டு மூடினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்கு லீவு போடுறி. மலைக்குப் போயி அருவியில தலையக் காட்டிட்டு வரலாம்."

"இன்னான்னு சொல்லி லீவு கேக்கறது?"

"எனக்குக் காய்ச்சல்னு சொல்லு. நான் இன்னா உங்க ஆபீசுக்கு வந்து இல்லன்னா சொல்லப் போறேன்?"

(நான் போகவில்லைதான். ஆபீஸ்தான் என்னைத் தேடி வந்தது.)

போனோம். மலைமேல் இருக்கிற கரியாலூருக்குப் போகிற பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் மித்ரா வாந்தி எடுத்தாள். எனக்கென்ன, ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். அருவியில் நான் போட்ட ஆட்டத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாறையில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிப் போய், யாரோ ஒருவருடைய சோப்பு டப்பாவின் மேல் நின்றேன். அதாவது, உட்கார்ந்தேன். கவிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது! திரும்புகிற பஸ்ஸிலேயே எதையோ எழுதினாள். மலையை விட்டு இறங்கி சிக்னல் கிடைத்ததும் பிளாக்கில் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் ஆபீசில், "அம்மாவுக்கு எப்படி இருக்குது?" என்று மேடம் கேட்டாராம். சும்மா இருந்திருக்கலாம். "இன்னும் முழுசா வுடல மேடம்" என்று இவள் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கிறாள். உடம்பு சரியில்லாதவரை ஒரு எட்டுப் போய்ப் பார்க்காவிட்டால் எங்கள் பக்கம் அது ஆயுளுக்கும் குறை. சாயங்காலம் மேடம் ஆரஞ்சுப் பழத்தோடு கவிதாவின் ஆட்டோவிலேயே ஏறிவிட்டார்.

போன் வந்தது. "அம்மா, மேடம் ஒன்னப் பாக்க வராங்க. நீ எழுந்திரிக்காத, படுத்துக்கினே இரு."

அப்போது நான் குழாயடியில் போர்வை அலசிக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் அந்தப் போர்வையையே இழுத்துப் போர்த்திக்கொண்டு கட்டிலில் விழுந்தேன். (ஈரம். நடுக்கம் தானாகவே வந்தது. அந்த மட்டில் நடிப்பு மிச்சம்.)

மேடம் வந்து என் நெற்றியைத் தொட்டார். "அய்யோ, ஜில்லுன்னு இருக்குதே!"

"காய்ச்சல் வுட்டு வேர்க்குது மேடம்" என்றாள் கவிதா.

"போர்வையே சொட்டுதேம்மா!"

"ஜாஸ்தி வேர்க்குது மேடம்."

ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கோ உள்ளே அடுப்பில் சின்னத் தீயில் வைத்த பால். வாளியில் பாதித் துணி. கொடியில் காக்கா. கால் கட்டைவிரல் தன் பாட்டுக்குத் தாளம் போடுகிறது. முனகவும் வேண்டும், முனகலை மறக்காமல் இருக்கவும் வேண்டும்.

"படுத்தே கெடக்க சலிப்பாத்தான் இருக்கும்" என்று போனை எடுத்தார் மேடம். "நான் ஒண்ணு படிச்சுக் காட்டறேன், கேளுங்க. மனசு சரியில்லன்னா நான் இதத்தான் படிப்பேன். நம்ம பக்கத்துப் பொண்ணுதான் யாரோ. ஆபீஸ், புள்ள, வூடுன்னு எல்லாத்தையும் எழுதுது. அரக்கப்பரக்கன்னு பேரு."

மேடத்துக்குக் கொண்டுவந்த காபியைக் கவிதா தானே குடித்துவிட்டாள்.

"இதுல ஒரு குக்கர் மேடம் வருவாங்க பாருங்க, சிரிச்சு சிரிச்சு எனக்கு வவுறு வலிக்கும். எந்த ஆபீஸ்ல இருக்குதோ அந்தப் பொம்பள! அதுகிட்ட வேல செய்யறவங்க பாவம்." கைப்பையைத் துழாவினார். "என் கண்ணாடி எங்க? கவிதா... கவிதா... கவிதா!"

மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மித்ரா தலையைத் தூக்கினாள். "அம்மா, மூணு விசில் ஆயிடுச்சு!"

"அடுப்புல குக்கர் வெச்சிருக்கேன் மேடம்" என்று கவிதா உள்ளே ஓடி வெளியே வந்தாள்.

மேடம் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். அடடா! இத்தனை ஞாயிற்றுக்கிழமையாக நான் காத்துக் கிடந்த எழுத்து. நான் முனகுவதை நிறுத்திவிட்டேன். 'அம்மா இல்லாவிட்டால் எனக்கு ஆபீசும் இல்லை, இந்த எழுத்தும் இல்லை' என்று ஓர் இடத்தில் வந்தது. ஈரப் போர்வைக்குள் எனக்குக் கண்ணும் ஈரமாகிவிட்டது. இவள் இதையெல்லாமா எழுதுகிறாள்! மேடம் தொடர்ந்தார்.

"'இன்று அருவியில் அம்மா நான்கு முறை வழுக்கி விழுந்தார். கடைசியில் ஒருவருடைய சோப்பு டப்பாவை உடைத்துவிட்டு, பாறை சரியில்லை என்று பாறையைத் திட்டினார்.'"

"பொய்!" போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். "ஒரே தடவதான் வுழுந்தேன்! அந்த டப்பா முன்னாடியே ஒடஞ்சிருந்துது! ஏண்டி கவிதா, ஊரே படிக்கிற எடத்துல இப்படியா எழுதி வெப்ப?"

உள்ளே பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது.

மேடம் என்னைப் பார்த்தார், கவிதாவைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார். விரலால் தள்ளித் தள்ளிப் பழையதையெல்லாம் படித்தார். உதடு மட்டும் அசைந்தது.

"அப்போ... இந்தக் குக்கர் மேடம்?"

மித்ரா சந்தேகமே இல்லாமல் சுட்டுவிரலை நீட்டினாள்.

மேடம் எழுந்தார். கட்டில் மேல் வைத்த ஆரஞ்சுப் பையையும் எடுத்துக்கொண்டார். "காய்ச்சல் இல்லாதவங்களுக்கு இது எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கவிதா சாப்பிடவில்லை. "வேலையும் போச்சு, எழுதறதும் போச்சு" என்றாள்.

"நான் வந்து அவங்க கால்ல வுழறேண்டி."

"வேணாம்மா. நீ ஒரு தடவையோட நிறுத்த மாட்ட." சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் அழுகையானது. எனக்கு அன்றுதான் நிஜமாகவே காய்ச்சல் வந்தது மாதிரி இருந்தது.

மறுநாள் ஆபீசில் மேடம் ஒரே ஒரு தடவை, மெதுவாகக் கூப்பிட்டாராம். அதற்கே கவிதா கையிலிருந்த பேனாவைக்கூட வைக்காமல் ஓடிப் போய் நின்றாளாம்.

"லீவு எடுத்த நாளுக்குச் சம்பளம் கெடையாது. பொய் சொன்னதுக்கு."

"சரிங்க மேடம்."

"நான் நெஜமாவே மூணு தடவயா கூப்புடறேன்?"

"ஆமாங்க மேடம்."

மேடம் ஒரு பேப்பரை அவள் பக்கம் தள்ளினாராம். "உன் வேலையப் பத்தி மேல நல்லபடியாத்தான் எழுதியிருக்கேன். கணக்கு நீ சுத்தமாத்தான் போடற. அந்தக் குக்கர் மேடத்த நிறுத்திடாத. ஆனா அடுத்த தடவ வரும்போது கொஞ்சம் நல்ல பொடவயாக் கட்டி வுடு."

கட்டி விட்டாள். பிளாக்கில் இப்போது குக்கர் மேடம் பட்டுப்புடவையில்தான் விசில் அடிக்கிறார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் எங்கே ஊர் சுற்றக் கிளம்பினாலும் "ஆயாவுக்குக் காய்ச்சல்" என்றுதான் சொல்வார்கள். (மித்ராவுக்கு நான் ஆயா.) மருமகன்கூட லாரி முதலாளியிடம் அதைச் சொல்லியிருக்கிறார். கேட்டால் நான் சாகக் கிடக்கிறேன் என்றுதான் பாதி ஊர் நினைக்கும்.

போன வாரம் போன் அடித்தது. மேடம்.

"அம்மா, கணக்கு முடிக்கறதுக்குள்ள தலையே வெடிக்குது. வர சனிக்கெழம உங்களுக்குக் காய்ச்சல் வருமா? நானும் மலைக்கு வரேன்."

"கண்டிப்பா வரும்மா" என்றேன். "வரும்போது அந்த ஆரஞ்சுப் பழத்த மட்டும் மறக்காம எடுத்துக்கினு வந்துடுங்க."