எனக்கு நிக்காஹ் சாட்சி நிற்க மறுத்த பாய்

யாஸ்மின், கதிர், உங்கள் அம்மாவும் நானும் எடுத்துக்கொண்ட ரிஜிஸ்டர் கல்யாண போட்டோவில் என்னைவிட மாப்பிள்ளை மாதிரி நிற்கிற கிழவர் யார் என்று கேட்டீர்கள். அவர்தான் சாட்சி பாய். அந்தக் காலத்துத் தண்டையார்பேட்டையில் அவர் இல்லாத நிக்காஹ் போட்டோவை யாராவது காட்டினால், அது வெளியூர்க் கல்யாணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பது அவர் பிழைப்பு. சாட்சி நிற்பதுதான் வாழ்க்கை. நிக்காஹுக்கு முன் சாட்சிகள் போய்ப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வர வேண்டும். மற்றவர்கள் பெண் தலையசைத்ததும் திரும்பிவிடுவார்கள். பாய் முதலில் பெண்ணைச் சுற்றி நிற்கும் உறவுக்காரிகளை வெளியே அனுப்புவார். "தல ஆட்னா எனுக்குக் கேக்காதுமா, வாயத் தொறந்து சொல்லு" என்பார். ராயபுரத்தில் ஒரு பெண் வாயைத் திறந்து வேண்டாம் என்றே சொல்லிவிட்டாள். பாய் மண்டபத்துக்கு வந்து, "பிரியாணி ரெடியா கீது. மாப்ள ரெடியா கீறாரு. பொண்ணுக்கு இஷ்டமில்ல. துன்னுட்டுக் கெளம்புங்க" என்றார். முதல் பந்தியில் அவரே உட்கார்ந்தார்.

அவரைத் திட்டாத ஆளில்லை. ஆனாலும் அடுத்த கல்யாணத்துக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் சாட்சி நின்றுவிட்டால் பின்னால் யாரும் ஒரு பேச்சு பேச முடியாது.

நான் பத்தாவது படித்து, ஆர்பரில் கிரேன் ஓட்டுகிறவன். கோயிலுக்குப் போகிறவன். உங்கள் அம்மாவைக் கட்ட வேண்டுமென்றால் கலிமா சொல்லி, அதாவது அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை என்று சாட்சி சொல்லி, இஸ்லாத்துக்கு வர வேண்டும், பிறகுதான் நிக்காஹ் என்று உங்கள் தாத்தா சொல்லிவிட்டார். உடனே தலையாட்டினேன். கிரேன் மேலே உட்கார்ந்து கலிமாவை மனப்பாடம் செய்தேன். கன்டெய்னர் ஏறுகிறதோ இல்லையோ, என் உதடு ஆடிக்கொண்டே இருந்தது. எனக்குப் பேய் பிடித்துவிட்டதாகக் கீழே நின்றவர்கள் மேஸ்திரியிடம் சொன்னார்கள்.

அந்த நாளும் வந்தது. பள்ளிவாசலில் கை கால் கழுவும் இடத்தில் பாய் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நைனா, நம்பித்தான் சொல்லப் போறியா?"

சினிமா பார்த்துக் கெட்டவன் நான். நெஞ்சை நிமிர்த்தி, "ரெஹானா கெடைக்கணும் பாய். அதுக்கு இன்னா சொல்லச் சொன்னாலும் சொல்வேன்" என்றேன். மெச்சுவார் என்று நினைத்தேன்.

அவர் குழாயை மூடினார். "ஆர்பர் கேட்ல காட்ற பாஸா நைனா எங்க கலிமா? காட்டிக்கினு உள்ள பூந்துடலாம்னு பாத்தியா?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தான் சாட்சி நிற்கப் போவதில்லை, வேண்டுமானால் வேறு ஆளைப் பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவர் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

உள்ளே தொழுகை நடத்தும் ஹஜ்ரத் கலிமாவைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். எனக்கு வாய் வரவில்லை. "நம்பிக்கை இல்லீங்க. பொண்ணுக்காகத்தான் வந்தேன்" என்றேன். உங்கள் தாத்தா எழுந்து போனார். அந்த முதுகை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அம்மாதான் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போகலாம் என்றாள். நோட்டீஸ் ஒட்டி, கெடு முடியக் காத்திருந்தோம். கையெழுத்துப் போடும் நாளில் கறுப்பு ஷெர்வானியில் பாய் வந்து நின்றார், கூப்பிடாமலே.

"இது நிக்காஹ் இல்ல. அப்டின்னு எங்கயும் சொல்ல மாட்டேன். ஆனா இதுல பொய் இல்ல. அதுக்கு நிக்கலாம்" என்றார். பிறகு, பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று ரிஜிஸ்ட்ராரையே கிளப்பப் பார்த்தார்.

எங்களுக்குச் சாட்சி நின்ற குற்றத்துக்கு, அதற்குப் பிறகு ஊரில் யாரும் எந்த நிக்காஹுக்கும் அவரைக் கூப்பிடவில்லை. நான் தயங்கித் தயங்கி அதைப் பற்றிக் கேட்டால், ஐஸை உடைத்தபடியே, "பிரியாணி ஒடம்புக்கு ஆவல நைனா" என்பார்.

போன மாதம் அவர் காலமானார். எல்லோரும் கைப்பிடி மண் போடும்போது நான் கபர்ஸ்தான் வாசலிலேயே நின்றேன். கூட்டம் கலைந்ததும் உள்ளே போனேன். கலிமா தானாக உதட்டுக்கு வந்தது. ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. அவர் பக்கத்தில் நின்று பொய் சொல்ல மனம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு, அவருக்கு வலிக்கக் கூடாதென்று மண்ணை மெதுவாகப் போட்டேன்.