ஐந்தாவது சுற்று

இசைக்காகக் குடும்பத்தையும் தூக்கத்தையும் துறந்தவர்கள் உலகில் ஏராளம். நல்ல பழக்கத்துக்காக இசையையே துறந்த மகான்கள், இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையோரத்து 'சால்ட் மார்ஷ் ஃபோர்' குழுவினர் மட்டும்தான்.

எட்டு ஆண்டுகளாக அவர்கள் 'பச்சை நங்கூரம்' என்ற பப்பில் ராக் இசையை வளர்த்துவந்தார்கள். பாட்டின் நடுவிலேயே, "கொஞ்சம் தள்ளுப்பா, டார்ட்ஸ் பலகையில அம்பு எறியணும்" என்று பாடகன் கிளைவிடம் உரிமையோடு சொல்லும் அளவுக்கு ரசிகர்கள் நெருங்கியிருந்தார்கள்.

1974இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வாசிப்பதைக் கேட்பதற்கென்றே லண்டன் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து பில்பீம் என்பவர் வந்தார். பேஸ் கிட்டார் வாசிக்கும் லென்னுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் மறுநாளே மாமனாரின் கம்பளக் கடையில் வேலைக்குச் சேர்வதாக மனைவி சாண்ட்ராவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

பகல் பன்னிரண்டு மணிக்குத் திறக்கும் பப்பை ஞாயிறன்று இரண்டு மணிக்கு மூட வேண்டும் என்பது நாட்டின் சட்டம். அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று மேசையில் இருந்தது: ஒருவன் எல்லோருக்கும் பீர் வாங்கினால், மற்ற ஒவ்வொருவனும் தன் முறைக்கு எல்லோருக்கும் வாங்க வேண்டும். முறை தீருமுன் எழுந்தவனை அந்த ஊர் மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை.

டிரம்மர் பார்னி முதல் சுற்றை வாங்கினான். "சாருக்கும் ஒண்ணு!"

அந்தக் கணமே பில்பீமும் சட்டத்துக்கு உட்பட்டார்.

"மொதல்ல ரெண்டு பாட்டு வாசிச்சிருவோம்டா," என்றான் லென்.

"வாங்கிக் குடுத்தவன் மூஞ்சிக்கு நேரா எந்திரிச்சுப் போறதா? நீயெல்லாம் மனுசனாடா?" என்று சொல்லிவிட்டுக் கிளைவ் இரண்டாவது சுற்றுக்குப் போனான்.

மூன்றாவது சுற்றை வாங்கிய மவுத் ஆர்கன் வில்ஃப், கோழி தண்ணீர் குடிப்பதுபோலக் குடிப்பவன். அவன் தம்ளர் காலியாகும்வரை அனைவரும் 'பண்போடு' காத்திருந்தார்கள்.

"சார், நீங்க விருந்தாளி. உங்களுக்கு முறையெல்லாம் கெடையாது," என்று லென் கெஞ்சினான்.

"நான் யார்க்‌ஷயர்க்காரன்ப்பா. ஏற்கெனவே எங்களக் கஞ்சப் பசங்கன்னு சொல்றாங்க. ஓசியில குடிச்சிட்டும் போகணுமா?" பில்பீம் விறைப்பாக எழுந்து நான்காவது சுற்றை வாங்கினார்.

மணி ஒன்றே முக்கால்.

"இன்னும் யாரோ ஒருத்தன் வாங்கலபோல," என்றான் வில்ஃப், கூரையைப் பார்த்து.

பத்தடி தூரத்தில் கிட்டார் இருந்தது. எழுந்துபோய் எடுத்தால் பத்து நிமிடம் வாசிக்கலாம்; சாகும்வரை கஞ்சன் என்ற பெயரோடு வாழலாம். லென் எழுந்தான். நேராகக் கவுண்டருக்குப் போனான்.

பப்பை நடத்தும் மொரீன் நுரை அடங்க அடங்க, நிதானமாக ஐந்து தம்ளர்களை நிரப்பினாள். ஐந்தாவதை வைத்த கையோடு மணியை அடித்தாள். "நேரமாச்சு ராசாக்களா! குடிச்சிட்டுக் கெளம்புங்க!"

"இவ்ளோ நல்ல பசங்கள நான் லண்டன்ல பாத்ததே இல்ல," என்று நால்வர் கையையும் குலுக்கிவிட்டுப் பில்பீம் ரயிலேறினார்.

வீட்டில் சாண்ட்ரா வாசலிலேயே நின்றாள். "என்னாச்சு?"

"விடு. லண்டன்காரனுக்கு நம்ம பாட்டெல்லாம் எங்க புடிக்கப்போவுது?"

"எந்தப் பாட்டு?" என்றாள் சாண்ட்ரா.